பால்குடமும் மருந்துப் போத்தலும்

மாதத்தில் ஒருநாள் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் என் இலக்கம் வரும்வரை மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். நீரிழிவு புதிதாக வந்த பிள்ளைகள் தாய்மாரோடு பக்கத்தில் வந்து உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு தொடங்கும். சுற்றி வளைத்து எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள். போன மாதம் பசறையிலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளை தாய்க்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, சாப்பிடாத நாளைக்கு ஊசி போடாம விடலாந்தானே?"

ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் அதே கேள்வி வந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். அதனால் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைக்கு அன்று பாதிதான் சொல்ல முடிந்தது, இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பாவுக்குத் தேயிலைப் பாக்டரியில் வேலை, அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்கவைக்கும் அறையில். கொழுந்து பதமாகிவிட்டதா என்று அங்கே மணிக்கூட்டைப் பார்த்தும் சொல்லலாம், மூக்கை வைத்தும் சொல்லலாம். அப்பா மூக்குக் கட்சி.

எனக்குப் பதினாறு வயது, ஓ.எல். பரீட்சை எழுத வேண்டிய வருஷம். திடீரென்று தாகம். வகுப்பில் என் போத்தலை முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகளின் போத்தலையும் முடிப்பேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கடைசியில் இருக்கும் கக்கூசுக்கும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் இடையில் நடந்தே தேய்ந்தேன். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பரீட்சைப் பயம் என்றார்கள். எல்லாரும் ஒத்துப்போன ஒரே விஷயம், பிள்ளைக்குத் தெம்பில்லை, இனிப்பாக ஏதாவது கொடு என்பது. தேயிலைக் காட்டில் எந்த வருத்தத்துக்கும் முதல் மருந்து சீனி போட்ட தேத்தண்ணீர்தான். அம்மா மூன்று கரண்டி போட்டுக் கலக்கித் தருவார். கடையில் குளுக்கோஸ் பக்கெற்றும் வாங்கினார்கள். அன்பாகத்தான் எல்லாம் செய்தார்கள். எரிகிற அடுப்பில் விறகு வைக்கிறோம் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் நிற்கும்போது விழுந்தேன். பசறை வழியாகப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். விரலில் குத்தி மீட்டரில் வைத்தால் அது எண் காட்டவில்லை, எண்ணுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. முதலாம் வகை நீரிழிவு என்றார்கள். இன்சுலின் என்ற சாறு நம் எல்லார் உடம்பிலும் சுரக்க வேண்டும், சாப்பிட்ட சீனியை உடம்பு எடுத்து எரிப்பதற்கு அதுதான் சாவி, எனக்கு அது சுரப்பது நின்றுகொண்டு வருகிறது, இனி ஆயுளுக்கும் ஊசியால் போட வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பிழைக்க மாட்டேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாட்டு வாசலில் நின்று அம்மா மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வந்தால் இந்த வருஷத் திருவிழாவில் அவள் கையாலேயே பால்குடம் எடுப்பாள்.

வீட்டுக்கு வந்தேன். ஆத்தாளுக்கு நாங்கள் கடன்பட்டோம்.

லயத்துக் காம்பராவில் குளிர்சாதனப் பெட்டி ஏது? கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். பெரிய மண்சட்டியில் தண்ணீர், அதற்குள் ஒரு சின்னச் சட்டி, அதில் இன்சுலின் போத்தல், மேலே ஈரத்துணி. தினம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தண்ணீர் மாற்றுவது அம்மாவின் வேலை ஆனது. மழை பெய்தால் மடுல்சீமை பஸ்ஸை நம்ப முடியாது என்பதால், போத்தல் முடியப்போவது முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று மிஸ் அதன் வயிற்றில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டரை நெட்டாக ஒட்டிவிட்டார். மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தினம் ஒரு பேனாக் கோடு போடச் சொன்னார். அந்த வேலையையும் அம்மா பிடுங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட வெட்கப்படுகிறவர், கோடு மட்டும் அடிமட்டம் வைத்த மாதிரி போடுவார். எறும்புக்குப் படிக்கட்டுக் கட்டுகிறாயா அம்மா என்று கேலி செய்வேன்.

அப்பா செய்தது வேறு. எங்கள் ஆட்கள் சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, அதை நக்கி நக்கித்தான் வெறும் தேத்தண்ணீர் குடிப்பார்கள். அப்பா முப்பது வருஷம் அப்படிக் குடித்தவர். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலை அவர் சீனிப் பேணியைத் தொடவில்லை. ஆனால் பழக்கம் விடவில்லை. ஒரு கையில் கோப்பை, மறு உள்ளங்கை விரித்தபடி வெறுமையாக இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு கையை மூடிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்துத் திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டி ஐந்தாம் நாள் பால்குடம். காப்புக் கட்டினால் பகலில் பச்சைத் தண்ணீர்தான், பொழுது இறங்கியதும் ஒரு வேளைச் சோறு. என்னைச் சாப்பிட்டுவிட்டே குடம் எடுக்கச் சொன்னார் அம்மா. நான்தான் பிடிவாதம் பிடித்தேன். லயத்துப் பிள்ளைகள் ஏழு பேர் குடம் எடுக்கிறார்கள், எனக்கு மட்டும் என்ன சலுகை? நோயாளி, வருத்தக்காரி என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊசி விஷயத்தில் எனக்கொரு கணக்கு இருந்தது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்காதே, சீனி ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுவாய் என்று மிஸ் பலமுறை சொல்லியிருந்தார். அது சரியான புத்திமதி. அதை நான் தலைகீழாகத் திருப்பினேன். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டால் ஊசி வேண்டாம். காப்புக் கட்டிய மாலையிலிருந்து நிறுத்தினேன். ஊசி போடுவதாகக் காம்பராவைத் தடுத்திருந்த திரைக்குப் பின்னால் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, போத்தலைத் தொடாமல் திரும்பி வருவேன். உண்மையைச் சொல்கிறேன், பக்தியைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. ஐந்து நாள், ஐந்தே நாள், பழைய தர்சினியாக இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை.

முதல் இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் உடம்பில் அப்போது கொஞ்சம் இன்சுலின் மிச்சமிருந்ததாம், பிறகு டொக்டர் சொன்னார். மூன்றாம் நாள் தாகம் வந்தது. விரதத்தில் தாகம் வருவது புதினமா என்று இருந்துவிட்டேன். நாலாம் நாள் வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. வெறும் வயிறு என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஆற்றோரத்தில் குடங்களை வரிசையாக வைத்துப் பூச்சுற்றினார்கள். தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டது. என் தலையில் குடத்தை ஏற்றியபோது மூச்சு வாங்கியது. சாதாரண இளைப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து ஆழமாக, வேகமாக, நான் நிறுத்த நினைத்தாலும் நிற்காத மூச்சு. உடம்பு ஆடியது. யாரோ ஏதோ கேட்டார்கள், நான் என்னமோ உளறினேன். என் குடத்தை இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். தப்புக்காரர்கள் என்னைச் சுற்றி வந்து வேகத்தைக் கூட்டினார்கள். பூசாரி என் நெற்றியில் திருநீற்றை அள்ளி வைத்து, யார் வந்திருப்பது, என்ன குறை என்று மரியாதையாக விசாரித்தார். கூட்டமே கைகூப்பி நின்றது. கடைசியாக நான் தெளிவாகப் பார்த்தது அம்மாவை. கண்ணில் தண்ணீர் வழிய, முகமெல்லாம் சந்தோஷமாக, என்னையே கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

இதற்குமேல் மற்றவர்கள் சொன்னதுதான். அப்பா அப்போதுதான் இரவு வேலை முடிந்து பாக்டரியிலிருந்து நேரே வந்திருக்கிறார். என்னைத் தாங்கிப் பிடிக்கக் கிட்ட வந்தவர் என் வாயருகே முகத்தை வைத்து மோந்து பார்த்தாராம். அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. பள்ளிக்கூடத்தில் நான் விழுந்த அன்று லொறியில் என்னை மடியில் கிடத்திக்கொண்டு போகும்போது அந்த வாடையை அவர் பிடித்து வைத்திருக்கிறார்.

"இது ஆத்தா இல்லீங்க பூசாரி," என்றாராம். "போன தடவ புள்ள விழுந்தப்ப வந்த அதே வாடை. தப்ப நிறுத்துங்க. வண்டிய கொண்டாங்க."

தப்பு நிற்க வேண்டும் என்று சொல்ல எங்கள் தோட்டத்தில் அதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. பூசாரி நல்ல மனுஷன், அவரே கையை உயர்த்தினார். நிறுத்தியதும்தான் என் மூச்சுச் சத்தம் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. பால் ஏற்றிவந்த வேனிலேயே என்னை ஏற்றினார்கள். வேன்காரர் கடைசிவரை கூலி வாங்கவில்லை.

டொக்டர் பிறகு விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சாப்பிடாவிட்டாலும் ஈரல் தன் கையிருப்பிலிருந்து சீனியை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதை எரிக்க இன்சுலின் வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு பசியில் தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும். அப்படி எரிக்கும்போது கீட்டோன் என்ற புளிப்புப் பொருள் சேர்ந்து இரத்தமே புளித்துப்போகும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளத்தான் அந்த மூச்சு. அந்த வாடையும் அதனுடையதுதான். அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. புளிச்சது கூடிப்போச்சு, அவ்வளவுதானே என்றார்.

கண் விழித்தபோது இரண்டு கையிலும் சேலைன். ஒன்றில் தண்ணீரும் உப்பும், இன்னொன்றில் இன்சுலின், சொட்டுச் சொட்டாக. இடையில் பொட்டாசியம் என்று வேறொன்று. இன்சுலின் ஏறும்போது இரத்தத்தில் அந்த உப்புக் குறைந்துவிடுமாம், குறைந்தால் இதயம் தடுமாறுமாம். மணிக்கொரு முறை விரலில் குத்தினார்கள். தாகத்தில் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது, வாந்தி நிற்கும்வரை குடிக்க ஒன்றும் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அம்மா பஞ்சை நனைத்து என் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. சாவதற்குப் பயந்தேன் என்று சொல்ல முடியாது. நான் செய்ததை அம்மா கண்டுபிடித்துவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

என் வலது மணிக்கட்டில் காப்புக் கயிறு இருந்தது. இன்னொரு ஊசி ஏற்ற அந்த இடம்தான் வேண்டியிருந்தது. கத்தரிக்கோலைக் கண்டதும் அம்மா மிஸ்ஸின் கையைப் பிடித்தார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை இல்லை. சிங்கள மிஸ் தன் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். அவர் மணிக்கட்டிலும் பிக்குமார் ஓதிக் கட்டும் வெள்ளைப் பிரித் நூல். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, என் மஞ்சள் கயிற்றை முழங்கைக்கு மேலே மெல்ல நகர்த்தி, விழாமல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்.

மறுநாள் டொக்டர் வந்தார், இளம் பெண், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஊசியை யார் நிறுத்தியது என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். அம்மா கட்டில் தலைமாட்டிலிருந்து எழுந்து நின்றார்.

"நாந்தாங்க மிஸ். பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒண்ணும் சொல்லல."

டொக்டர் கோபக்காரி இல்லை, ஆனால் அன்று விடவில்லை. இன்னும் இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை, ஒரு நாள்கூட, ஒரு வேளைகூட இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது, சாப்பிட முடியாத நாளில் அளவை எப்படி மாற்றுவது என்று எங்களிடம் வந்து கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள் என்று வாட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அம்மா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். என்னைக் காப்பாற்ற அம்மா பொய் சொல்கிறார், நான் கோழை மாதிரிப் படுத்திருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த வெட்கம் எந்த ஊசியைவிடவும் வலித்தது.

ஆனாலும் அந்த வாட்டு எனக்கு நினைவில் இனிக்கத்தான் செய்கிறது. எட்டு நாள் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் வெலிமடைச் சோமா அக்கா, உருளைக்கிழங்குத் தோட்டக்காரி, சீனி வருத்தத்தில் காலில் புண் ஆறாமல் வந்து படுத்திருந்தார். சந்தையில் பழகிய அரைத்தமிழ் அவருக்கு, பள்ளிக்கூடத்து அரைச்சிங்களம் எனக்கு. இரண்டு அரையும் சேர்ந்து முழுநாள் ஓடும். கிழங்கும் நமக்கு அளவு, சோறும் நமக்கு அளவு, பேச்சுக்கு மட்டும் அளவில்லை என்பார். சாமி வந்த பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டு, தன் கால் எப்போது ஆறும் என்று குறி கேட்பார். பத்து மணிக்குத் தேத்தண்ணீர் வண்டி வரும்போது அதன் ஒரு சில்லு கீச்சிடும். அந்தச் சத்தத்துக்கு வாட்டே எழுந்து உட்காரும். ஜன்னலுக்கு வெளியே மலையில் மூட்டம் ஏறி இறங்கும். இன்றைக்கும் டெற்றோல் வாசம் வந்தால் எனக்குச் சோமா அக்காவின் சிரிப்புக் கேட்கும்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். அப்பா முதல் பஸ்ஸில் வந்து வாசலில் காத்திருந்து, கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைவார். பிளாஸ்கில் சீனி போடாத தேத்தண்ணீர். எனக்கு ஒரு கோப்பை, அம்மாவுக்கு ஒரு கோப்பை, மூடியில் தனக்கு. முதலில் குனிந்து என் மூச்சை மோந்து பார்ப்பார். தலையை ஆட்டுவார். பிறகுதான் உட்காருவார்.

அதற்குப் பிறகு நான் ஒரு ஊசியும் தவறவிடவில்லை. பரீட்சை எழுதினேன், ஏ.எல். எழுதினேன், இப்போது பதுளையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறேன். தங்கியிருக்கும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு போத்தலிலும் பிளாஸ்டர் ஒட்டிக் கோடு போடுகிறேன், ஏனென்றால் தினம் காலை பெரட்டுக்குப் போகுமுன் அம்மா எனக்குப் போன் எடுத்து விசாரிப்பார். மற்றத் தாய்மார் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். எங்கள் அம்மா கேட்பது ஒன்றுதான். கோடு எறங்குச்சா? ஏழு வருஷமாக இது எனக்கு ஒரு தொல்லையாகவும் கடைப் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கையாகவும் இருந்தது.

கிளினிக்கில் அந்தப் பசறைப் பிள்ளை கேட்டதிலிருந்து எனக்கு மனம் கேட்கவில்லை. லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, அடுப்படியில் அம்மா மட்டும் இருந்த நேரத்தில் சொல்லிவிட்டேன். ஊசியை நிறுத்தியது நான்தான், உனக்குத் தெரியாமல் நிறுத்தினேன், எனக்காக நீ டொக்டரிடம் பொய் சொல்லித் திட்டு வாங்கினாய், இத்தனை வருஷமும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், சாமித் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்தார். உள்ளே பழைய இன்சுலின் போத்தல் ஒன்று. பிளாஸ்டர் மஞ்சளாகியிருந்தது. மேலிருந்து கீழே மெல்லிய கோடுகள், சீராக, ஒன்றன்கீழ் ஒன்று. பாதியில் ஒரு கோடு மட்டும் தடிப்பாக இருந்தது. அம்மா அதில் விரலை வைத்தார்.

"நாலு நாளும் போட்டேன். நாலு நாளும் அதே எடத்துலதான் விழுந்துச்சு."

நான் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லல தாயி. மருந்து கொறையல, நீ நல்லாத்தான் நடமாடுன. ஆத்தா ஒன்ன சொகப்படுத்திட்டானு நெனச்சேன். ஒங்கிட்ட கேட்டா அது இல்லேனு ஆயிருமோனு பயந்து கேக்கல."

ஆற்றோரத்தில் கைகூப்பி நின்ற அந்த முகம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. ஐந்து நாள் திரைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அம்மாவும் ஒரே ஆசையை ஒளித்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். நான் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதேன். அம்மா அழவில்லை. அடுப்பில் கேத்தல் கொதித்துவிட்டது என்று எழுந்துவிட்டார். அப்பா வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் வெறும் தேத்தண்ணீர் குடித்தோம்.

பதுளைக்குத் திரும்பிய மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது.

"கோடு எறங்குச்சா?"

கையில் போத்தலோடு நான் ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தேன்.

"எறங்கிருச்சும்மா."